கானகமும் கொல்லைப்புறமும்: மா. கிருஷ்ணன்

வீட்டுக் கொல்லையில் ஓடும் அணிலையும் முதுமலைக் காட்டில் நடமாடும் கொம்பன் யானையையும் ஒரே சிரத்தையோடு பார்த்தவர் மா. கிருஷ்ணன் அவர்கள். நம் நாட்டில் வனவிலங்குப் புகைப்படக் கலைக்கு வழிகாட்டிய முன்னோடிகளுள் ஒருவர். கையில் கேமராவோ கைபேசியோ வைத்துக்கொண்டு பறவை, பூ, பட்டாம்பூச்சி என்று படம் பிடித்து மகிழும் அங்கத்தினர்கள் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் அவசியம் அறிய வேண்டிய வாழ்க்கை இது.

கிருஷ்ணன் 1912-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தமிழ் நாவலின் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவரும், 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவருமான அ. மாதவையா அவர்களின் எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி. குடும்பம் சென்னை மயிலாப்பூருக்குக் குடிவந்தது. அந்நாளில் அப்பகுதியில் புதர்களும் பறவைகளும் மிகுதி. சிறுவனான கிருஷ்ணனுக்கு அதுவே முதல் பள்ளிக்கூடம். கீரிப்பிள்ளை ஒன்றையும் வளர்த்தார். 1925-ல் தந்தை காலமானபோது அவருக்கு வயது 13.

1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் அறிஞர் பைசன் அவர்களின் பழக்கம் கிடைத்தது. நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர். அவரோடு மலைப் பயணம் போனதில் செடிகளை நுணுகிப் பார்க்கக் கற்றார். பைசனின் துணைவியாரிடம் நீர்வர்ண ஓவியமும் பயின்றார். பிற்காலத்தில் தம் கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியம் வரைய இப்பயிற்சி உதவியது.

பட்டம் பெற்று, சட்டமும் படித்து முடித்தார். ஆனாலும் வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை. 1937-ல் இந்துமதி அம்மையாரை மணந்தார். 1942-ல் பெல்லாரிப் பக்கத்துச் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை அமைந்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று பல பொறுப்புகளை அங்கே வகித்தார். ஓய்வு நேரமெல்லாம் காடுமேடுகளில் கழிந்தது. ஆடு மேய்த்தும் புறா வளர்த்தும் அவற்றின் குணங்களைக் கவனித்தார். 1949-ல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் சென்னை திரும்பினார்.

குடும்பஸ்தர், வயதோ நாற்பதை நெருங்குகிறது. மாதச் சம்பளம் தரும் உத்தியோகத்தைத் தேடுவதுதான் உலக வழக்கம். அவர் எழுத்தையும் கேமராவையும் மட்டுமே நம்பி வாழத் தீர்மானித்தார். 1950-ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இரு வாரங்களுக்கு ஒருமுறை இயற்கை பற்றிய பத்தி எழுதத் தொடங்கினார். அது 46 வருஷங்கள் தொடர்ந்தது. காகம், பல்லி, அணில் ஆகியவை புலிக்கும் யானைக்கும் சமமாக அதில் இடம்பெற்றன. 1961-ல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பே கானகத்தையும் கொல்லைப்புறத்தையும் சேர்த்துச் சொல்வதுதான்.

அவர் படமெடுத்த விதம் தனி. கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். விலை உயர்ந்த கருவிகளைத் தேடிப் போகவில்லை. ஒரு கேமராவின் உடலில் வேறொரு கம்பெனியின் தூரத்து லென்ஸைப் பொருத்தித் தாமே ஒரு கனத்த கருவியை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஈ.பி. ஜீ 1964-ல் வெளியிட்ட தம் நூலில் இந்தக் கருவியை நகைச்சுவையோடு வர்ணித்திருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு கால்நடையாகவும், பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்தும் கிருஷ்ணன் காடு காடாகச் சுற்றினார்.

பிலிம் சுருளில் படங்கள் எண்ணி எடுக்கவேண்டிய காலம் அது. எடுத்த படம் எப்படி வந்தது என்பது கழுவிப் பார்த்த பிறகே தெரியும். ஆகவே காத்திருப்பதே முக்கால்வாசி வேலை. விலங்கு தன் இயல்பில், தான் வாழும் மரம் புல் சூழலோடு படத்தில் தெரியவேண்டும் என்பது அவர் கொள்கை. யானைக் கூட்டம் குட்டியை நடுவில் விட்டு எப்படி நகர்கிறது, எந்த மரத்தின் பட்டையை உரிக்கிறது என்பதெல்லாம் பார்ப்பவருக்கு விளங்கினால்தான் அது அவருக்குப் படம். அழகுக்காக அந்நிய மரங்களை நடுவதை அவர் கண்டித்ததற்கும் இதுவே காரணம். மண்ணுக்குரிய மரம் போனால் அதை நம்பிய உயிர்களும் போய்விடும் என்பதை அவர் நேரில் கண்டிருந்தார்.

1968-ல் ஜவாஹர்லால் நேரு பெல்லோஷிப் அவருக்குக் கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகள் பற்றிய அவரது ஆய்வை 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் நூலாக வெளியிட்டது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்தார். பத்மஸ்ரீ விருதும், 1995-ல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கௌரவமும் அவரைத் தேடி வந்தன. தமிழிலும் அவர் எழுதியது உண்டு. அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தந்திருக்கிறார்.

1996-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி கிருஷ்ணன் காலமானார். அவருடைய கடைசிப் பத்தி அச்சில் வந்ததும் அதே நாளில்தான்.

இன்று விரலால் தொட்டால் நூறு படம். நல்ல படத்துக்காகப் பறவைக் கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்குகிறவர்களும் உண்டு. மறைப்பு போன கூட்டைக் காகம் கண்டுகொண்டால் முட்டைகள் மிஞ்சா. படம் கிடைக்காமல் போனால் நமக்கு ஒரு நாள் ஏமாற்றம், பறவைக்கோ ஒரு பருவமே வீண். பம்பாயோ தில்லியோ பெங்களூரோ, எந்த ஊர் பால்கனியிலும் ஒரு தொட்டிச் செடியும் அதை நாடி வரும் ஒரு தேன்சிட்டும் இருக்கும். விடுமுறையில் பேரன் பேத்திகளை அருகில் அமர்த்தி, கேமராவை எடுக்கும் முன் கால் மணி நேரம் சும்மா பார்க்கப் பழக்குவோமானால், அதுவே கிருஷ்ணன் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.