சக்கர நாற்காலியில் வந்த சர்ஜன்: டாக்டர் மேரி வர்கீஸ்

கிரிவலம் போயிருக்கீங்களா? மொத்தம் 14 கிலோமீட்டர். பெரிய கோயில்ல கிளம்பி அடி அண்ணாமலை வர்றப்போ ஏறக்குறைய பாதி வழி முடிஞ்சிருக்கும், கால் கெஞ்ச ஆரம்பிச்சிருக்கும். ஒரு டீ குடிக்கலாம்னு ஓரமா ஒதுங்குவீங்க.

அடுத்த தடவை அங்க நிக்கறப்போ ஒரு வேலை செய்யுங்க. ரோட்டிலிருந்து கடைக்கு, குடிநீர்க் குழாய்க்கு, கழிப்பறைக்கு, கோயில் வாசலுக்கு எத்தனை படின்னு எண்ணிப் பாருங்க. நடக்கிற நமக்கு அந்தப் படிகள் கண்ணுலயே படாது. சக்கர நாற்காலியில் வர்றவர் அத்தனை தூரத்தையும் கையால உருட்டியே கடந்து வந்துடலாம். கடைசி அரை அடி உயரத்தை மட்டும் அவரால தனியா ஏற முடியாது.

இதைத் தன் உடம்பாலேயே தெரிஞ்சுக்கிட்ட ஒரு டாக்டர் நம்ம பக்கத்து ஊரில் வாழ்ந்தார். போளூர், கண்ணமங்கலம் வழியா சுமார் 80 கிலோமீட்டர் போனா வேலூர். அங்கதான் அவர் கதை நடந்தது.

மேரி வர்கீஸ் பிறந்தது 1925-ல், கொச்சியில். டாக்டர் ஆகணும்னு வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்தார். படிப்பு முடிஞ்சதும் மகப்பேறு மருத்துவத்தில் மேற்பயிற்சி. 1954 ஜனவரியில், சக டாக்டர்களோட வெளியே கிளம்பிய வண்டி வழியில் கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம், அதைவிட மோசமா தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அவருக்கு அப்போ 28 வயசு. நம்ம சீனியர்களைவிட ஐந்தாறு வயசுதான் கூட.

இனி டாக்டர் வேலை முடிஞ்சதுன்னுதான் யாருக்கும் தோணும். டாக்டர் பால் பிராண்டுக்கு அப்படித் தோணலை. தொழுநோயால் மடங்கிப் போன கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையில் உலகப் பெயர் பெற்றவர் அவர். கை ஆபரேஷனை உட்கார்ந்துதானே செய்யறோம், அதுக்குக் கால் எதுக்குன்னு யோசிச்சார். மேரியைத் தன் துறைக்கு அழைத்தார்.

அந்த ஆபரேஷனை இன்ஜினியரிங் பாஷையில் சொல்லலாம். ஒரு லைன் செத்துப் போச்சுன்னா, பக்கத்தில் நல்லா இருக்கிற லைன்லயிருந்து இணைப்பு கொடுப்போம் இல்லையா? அதே மாதிரி, வேலை செய்யாத தசைக்குப் பதிலா, நல்ல தசையின் தசைநாணை எடுத்து விரலோட இணைக்கணும். மேரி அதைக் கற்று, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்தார். கை மடங்கிய நோயாளிகளுக்கு, கால் நகராத ஒரு டாக்டர் தங்களை நோக்கி உருண்டு வர்றதைப் பார்த்ததே பாதி மருந்தா இருந்தது.

ஆனா ஆபரேஷன் மட்டும் போதாதுன்னு அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் தண்டுவடம் அடிபட்டவங்களில் பலர் படுக்கைப் புண்ணாலயும் சிறுநீரகக் கோளாறாலயும் இறந்தாங்க. உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினா, அங்கே இருக்கிற படிக்கட்டு அவங்களைக் கட்டிலோடு கட்டிப் போட்டுடும்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய், யார் துணையும் இல்லாம அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி எடுத்தார் மேரி. பிறகு நியூயார்க்கில், டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி, சி.எம்.சி.யில் அதுக்குன்னே ஒரு துறையைத் தொடங்கினார். 1966-ல், உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் பாகாயத்தில் வந்தது. அந்த வகையில் இந்தியாவிலேயே அதுதான் முதல்.

கட்டிலில் புரண்டு படுக்கிறது எப்படி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுறது எப்படி, புண் வராம இருக்க அடிக்கடி கையூன்றி உடம்பைத் தூக்கறது எப்படி... இந்த மாதிரி மையங்களில் பாடமே இதுதான். அங்கே பொறுப்பில் இருந்தவரும் அதையெல்லாம் தினமும் செய்து வாழ்ந்தவர். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் மறைந்தார். பாகாயம் மையம் இன்னைக்கும் நடக்குது.

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் அவர் மறைந்த பிறகு, 1995-ல்தான் வந்தது. புதிய சட்டம் 2016-ல். சாய்தள விதி ரொம்ப எளிது: 1 அடி உயரத்துக்குக் குறைஞ்சது 12 அடி நீளம். அரை அடிப் படின்னா 6 அடி. பைக் ஏத்தறதுக்குப் போட்ட செங்குத்துச் சரிவு இதில் சேராது. அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஏறினாலும் பின்பக்கமா கவிழும்.

மேரிக்கு டாக்டர்கள் செய்யக்கூடியதை டாக்டர்கள் செய்தாங்க. அவரை மாதிரி வீடு திரும்பறவங்களுக்கு வாசலில் பாக்கி நிற்கிற அந்த அரை அடி, டாக்டர் வேலை இல்லை. நாளைக்கு பிளான் வரையப் போற நம்ம வேலை. ஒரு டேப் எடுத்துக்கிட்டு நம்ம டிபார்ட்மென்ட் வாசல்லயே அளக்க ஆரம்பிக்கலாமே!