அன்னை சாவித்திரிபாய் பூலே

பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஆசிரியை என்ற அளவிலேயே சாவித்திரிபாய் பூலே அம்மையாரை நம்மவர் பலரும் அறிவர். கணவர் சோதிராவ் பூலேயின் நிழலில் நடந்தவர் என்று எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதே நம் கருத்து. கணவர் அருகில் இல்லாத வேளைகளில் அவர் ஆற்றியவற்றை நோக்கினால் இஃது எளிதில் விளங்கும்.

மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில் 1831ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் மாலி வகுப்பில் அம்மையார் பிறந்தார். ஒன்பதாம் வயதில் மணம் நிகழ்ந்தது. எழுத்தறிவித்தவர் கணவரே. 1848இல் புனே நகரில் பெண்கள் பள்ளி தொடங்கியது. பாடம் சொல்லச் செல்லும் அம்மையார் மீது தெருவில் சாணமும் கல்லும் வீசினர். அவர் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டு சென்றார் என்பர். 1849இல் மாமனார் இருவரையும் வீட்டை விட்டு வெளியேற்றினார்.

ஆடவன் ஒருவன் பொதுப்பணிக்கு வந்தால் ஊரார்க்கு விடை சொன்னால் போதும். பெண்ணோ முதலில் உடன்பிறந்தார்க்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. 1856இல் நோயுற்றுத் தாய்வீட்டில் தங்கியிருந்தபோது, மகார், மாங் வகுப்பினர்க்காக உழைப்பது குலத்துக்கு இழுக்கு என்று உடன்பிறந்தவன் கடிந்துகொண்டான். பாம்புக்குப் பால் வார்ப்பவன் தன்னைப் போன்ற மனிதனைத் தீண்ட மறுக்கலாமா என்று கேட்டு அவனை அவர் வாயடைக்கச் செய்தார். இதனைக் கணவர்க்கு எழுதிய மடலில் அவரே விவரித்துள்ளார்.

1868இல் எழுதிய மடல் இன்னும் வியப்பூட்டுவது. பார்ப்பன இளைஞன் ஒருவனும் மகார் பெண் ஒருத்தியும் காதலித்தனர். ஊரார் இருவரையும் தெருவில் இழுத்துவந்து கொல்ல முற்பட்டனர். அம்மையார் ஓடிச்சென்று குறுக்கே நின்று, ஆங்கிலேயர் சட்டத்தில் கொலைக்குரிய தண்டனையை எடுத்துக்கூறி, இருவர் உயிரையும் காத்தார். இருவரும் ஊரை விட்டுச் செல்லட்டும் என்ற அளவில் கூட்டம் அடங்கிற்று. அவ்விடத்தில் அவர் பக்கம் நிற்கக் கணவரும் இல்லை, சங்கமும் இல்லை.

1877இல் பஞ்சம் நிலவியது. நம் முதியோர் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லிய அதே பஞ்சந்தான். ஓதூர்ப் பகுதியில் துயர்துடைப்புப் பணி செய்த தொண்டர்களை, வட்டிக்கடைக்காரர்களின் பொய்ப்பழியை நம்பி அரசினர் சிறைப்பிடித்தனர். அம்மையார் கலெக்டரிடம் வாதாடி அவர்களை மீட்டார். அவ்வதிகாரி மாட்டு வண்டிகளில் சோளமும் அனுப்பிவைத்தார்.

அவர்க்கு மகப்பேறு இல்லை. அக்காலத்தில் ஒரு பெண்ணைத் தலைகுனிய வைக்க அஃது ஒன்றே போதும். அவரோ, கருவுற்ற கைம்பெண்களுக்குப் புகலிடமாக 1863இல் தொடங்கிய இல்லத்தைத் தம் பொறுப்பில் பேணினார். அங்கே ஒரு பார்ப்பனக் கைம்பெண் பெற்ற குழந்தையைத் தம் மகனாக ஏற்று வளர்த்தனர். அவனே மருத்துவர் யஷ்வந்த்.

1890 நவம்பர் 28ஆம் நாள் சோதிராவ் மறைந்தார். கொள்ளிச் சட்டியை வளர்ப்பு மகன் ஏந்தலாகாது என உறவினர் தடுத்தனர். சட்டியை அம்மையாரே ஏந்திப் பாடைக்கு முன் நடந்தார். சுடுகாட்டு வழி பெண்ணுக்கு விலக்கப்பட்டது என்பதை அறிந்த நமக்கு அதன் வன்மையை விளக்க வேண்டியதில்லை. 1893இல் சாஸ்வட் நகரில் கூடிய சத்திய சோதக சமாஜ மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். வரவேற்புரையோடு பெண்களை அமரச்செய்துவிடும் நம் கூட்டங்களை நடத்துவோர் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்வது நன்று.

1897இல் புனேயில் பிளேக் பரவியது. யஷ்வந்த் ஊர்ப்புறத்தே மருத்துவமனை அமைத்தார். முண்ட்வா சிற்றூரில் மகார் சிறுவன் ஒருவன் நோயில் கிடப்பதாகக் கேட்ட அம்மையார், 66 வயதில் அவனை முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச்சு 10ஆம் நாள் உயிர் நீத்தார்.