ஜனாதிபதியைச் சிரிக்க வைத்த மாட்டுக்காரர்

கையில் ஒரு கயிறு. வாயில் பட்டிக்காட்டுப் பேச்சு. இந்த இரண்டையும் கொண்டே அமெரிக்க நாட்டைச் சிரிக்க வைத்தார் ஒருவர். அவர்தான் வில் ரோஜர்ஸ்.

1879-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி அவர் பிறந்தார். பிறந்த இடம் இன்றைய ஒக்லஹாமா மாநிலத்தில் இருக்கிறது. செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. 10 வயதில் தாயை இழந்தார்.

படிப்பு ஏறவில்லை. மாடு மேய்த்தார். ஓடும் மாட்டின் மீது சுருக்குக் கயிறு வீசிப் பிடிப்பதில் சூரர் ஆனார். தென் ஆப்பிரிக்காவுக்குப் போய், சர்க்கஸில் கயிற்று வித்தை காட்டினார். 1905-ல் நியூயார்க் மேடை ஏறினார்.

கேலிச் சிரிப்பு

முதலில் அவர் மேடையில் பேசுவதே இல்லை. ஒரு நாள், வித்தையை விளக்குவதற்காக வாய் திறந்தார். அவர் பேசிய விதத்தைக் கேட்டுச் சபை சிரித்தது. ரோஜர்ஸ் அவமானத்தால் குன்றிப் போனார். கூட இருந்தவர்கள் அவரைத் தேற்றினார்கள். ஜனங்களைச் சிரிக்க வைப்பது லேசான காரியம் அல்ல என்று எடுத்துச் சொன்னார்கள்.

அன்று முதல் பேச்சே அவருடைய தொழில் ஆயிற்று. தினமும் பத்திரிகை படிப்பார். அன்றைய செய்தியை அன்று இரவே மேடையில் வேடிக்கையாகச் சொல்வார்.

சபையில் ஜனாதிபதி

1916-ல் பால்டிமோர் நகரில் ஒரு நிகழ்ச்சி. ஜனாதிபதி வில்சன் பார்க்க வந்திருந்தார். வில்சனின் அரசாங்கத்தையே கிண்டல் செய்யும் பேச்சு அது. ரோஜர்ஸுக்கு நடுக்கம். ஆனாலும் துணிந்து பேசினார். சபையோர் வில்சனின் முகத்தையே பார்த்தார்கள். வில்சன் வாய்விட்டுச் சிரித்தார்! ரோஜர்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பேசும் படம்

1918-ல் சினிமாவில் நடித்தார். அது ஊமைப் படக் காலம். அவருடைய பேச்சுக்கு அங்கே வேலை இல்லை. 1929-ல் பேசும் படத்தில் நடித்தார். பிறகு கேட்க வேண்டுமா? 1934-ல் அமெரிக்காவில் அதிக வசூல் தரும் நட்சத்திரம் அவர்தான்.

பணம் வந்தபோது ஏழைகளை மறக்கவில்லை. 1931-ல் மழை இல்லாமல் விவசாயிகள் தவித்தார்கள். ரோஜர்ஸ் ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்தி, வசூலை நிவாரணத்துக்குக் கொடுத்தார்.

1935 ஆகஸ்ட் 15-ந் தேதி, அலாஸ்காவில் அவர் சென்ற விமானம் விழுந்து நொறுங்கியது. அவரும் விமானி வைலி போஸ்ட்டும் மாண்டார்கள். ரோஜர்ஸுக்கு வயது 55.

எந்தப் பேச்சைக் கேட்டு ஒரு சபை கேலியாகச் சிரித்ததோ, அந்தப் பேச்சை இனிக் கேட்க முடியாதே என்று ஒரு நாடே அழுதது.