விழக் கற்றுக் கொடுத்த ஆசிரியை

எங்கள் பள்ளியில் உடற்கல்வி வேளையில் தற்காப்புப் பயிற்சி தொடங்கியபோது, முதல் இரண்டு வாரங்களும் நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். விழுந்தோம். பாயை விரித்துப் போட்டு முன்னால் விழுந்தோம், பின்னால் விழுந்தோம், பக்கவாட்டில் விழுந்தோம். அடிக்கவும் உதைக்கவும் ஆசையோடு வந்த எங்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. விழுவதற்கு எதற்குப் பயிற்சி, அது தானாக வருமே என்று பின்வரிசையில் முணுமுணுப்பும் எழுந்தது. அந்த நாட்களில்தான் எடித் காருட் அம்மையாரின் வாழ்க்கையைப் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அதன் பிறகு எங்கள் முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

எடித் அம்மையார் 1872-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டின் பாத் நகரில் பிறந்தார். இளமைப் பருவம் வேல்ஸ் நாட்டில் கழிந்தது. 1893-இல் உடற்பயிற்சி ஆசிரியரான வில்லியம் காருட் என்பவரை மணந்து, கணவருடன் லண்டன் மாநகரில் குடியேறினார். அவருடைய உயரம் 4 அடி 11 அங்குலம். நம் பள்ளியில் காலை வணக்கத்திற்கு நிற்கும்போது எட்டாம் வகுப்பு மாணவியர் பலர் அவரைவிட உயரமாக இருப்பார்கள்.

அக்காலத்து லண்டனில் ஜப்பானியக் கலையாகிய ஜூஜுத்சு புதுமையாக வந்து இறங்கியிருந்தது. ஜப்பானில் பணியாற்றித் திரும்பிய பார்ட்டன் ரைட் என்ற பொறியாளர் அதை அங்கே அறிமுகம் செய்தார். அவர் அழைப்பின்பேரில் ஜப்பானிய ஆசான்களும் வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான சடகாசு உயெனிஷி, சோஹோ பகுதியில் பயிற்சிக் கூடம் நடத்தி வந்தார். 1904-இல் காருட் தம்பதியர் அங்கே மாணவர்களாகச் சேர்ந்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 32. பதினேழு வயதிலேயே, இனிமேல் எங்கே உடம்பு வளையப் போகிறது என்று பெருமூச்சு விடும் எங்கள் தோழியர் சிலருக்காகவே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினோம்.

ஜூஜுத்சுவின் நுட்பம் வலிமையில் இல்லை. நிலை தடுமாறச் செய்வதில் இருக்கிறது. பாய்ந்து வருபவனைத் தடுத்து நிறுத்தப் பார்த்தால் எடை குறைந்தவர் தோற்பது உறுதி. அவன் வரும் திசையிலேயே அவனை இழுத்துவிட்டு நாம் சற்றே விலகினால், அவன் எடையே அவனைக் கீழே தள்ளிவிடும். கையைப் பிடித்துக்கொண்டவனிடமிருந்து விடுபடுவதும் இப்படித்தான். பிடித்த கையில் கட்டை விரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடமே இளைத்த இடம். நம் மணிக்கட்டைத் திருப்பி அந்த இடைவெளி வழியாக வெடுக்கென்று உருவ வேண்டும். நேராகப் பின்னுக்கு இழுத்தால் அவன் நான்கு விரல்களோடும் மல்லுக்கட்ட நேரும். முதலில் இதை நாங்களும் நம்பவில்லை. எங்களுள் மெலிந்தவள் எங்களுள் பருமனானவளிடமிருந்து மூன்றாம் முயற்சியில் விடுபட்ட பிறகுதான் நம்பினோம். விழுவதை ஏன் முதலில் கற்க வேண்டும் என்பதற்கும் விடை கிடைத்தது. விழுந்தால் அடிபடும் என்ற அச்சம் உள்ளவரை உடல் விறைத்துக்கொள்ளும். விறைத்த உடலைத் தள்ளுவது எளிது.

1907-இல், வழிப்பறிக்காரர்களை அம்மையார் வீழ்த்துவதாகக் காட்டும் குறும்படம் ஒன்று வெளிவந்தது. திரைப்படம் என்பதே அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு ஆசான் உயெனிஷி இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட, பயிற்சிக் கூடம் காருட் தம்பதியர் கைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள் வகுப்பு அம்மையாரின் பொறுப்பாயிற்று.

இனிதான் கதையின் முக்கியமான பகுதி. அந்நாளில் பிரிட்டனில் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு இல்லை. அதற்காகப் போராடிய சங்கங்களுள் மிகவும் துணிச்சலானது, எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையார் தலைமையில் இயங்கியது. அதன் கூட்டமொன்றில் ஜூஜுத்சு செய்து காட்டக் காருட் தம்பதியரை அழைத்திருந்தனர். வழக்கமாகக் கணவர் விளக்கிப் பேசுவார், மனைவி செய்து காட்டுவார். அன்று கணவருக்கு உடல்நலம் இல்லை. பேச்சும் தம் தலையில் விழவே, தயங்கித் தயங்கி மேடையேறிய அம்மையார், பேசுவதைவிடச் செய்து காட்டுவதே மேல் என்று முடிவு செய்து, காவலுக்கு நின்ற பருத்த போலீஸ்காரரை மேடைக்கு அழைத்து, தோளுக்கு மேலாகத் தூக்கிப் போட்டாராம். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு, 1965-இல், ஒரு பத்திரிகையாளரிடம் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பின் அச்சங்கப் பெண்கள் அவரிடம் மாணவியராகச் சேரத் தொடங்கினர். 1910 ஜூலையில் ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவைப் பத்திரிகை, சிறிய பெண்ணொருத்தியின் முன் போலீஸ்காரர்கள் சிதறிக் கிடப்பதாகக் கேலிச்சித்திரம் வெளியிட்டது. ஊரே சிரித்தது.

நான்கு மாதங்கள் சென்றன. 1910 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. வாக்குரிமை மசோதா கைவிடப்பட்டதை எதிர்த்து ஏறத்தாழ 300 பெண்கள் பாராளுமன்றத்தை நோக்கி நடந்தனர். முதல் அணியில் சென்றவர்களுள் பஞ்சாப் மன்னர் குடும்பத்து இளவரசி சோபியா துலீப் சிங்கும் ஒருவர் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. போலீசார் அப்பெண்களை உடனே கைது செய்யாமல், மணிக்கணக்கில் தள்ளியும் அடித்தும் கூட்டத்திற்குள் வீசியும் துன்புறுத்தினர். பின்னர் 135 பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததை வாக்குமூலமாக அளித்தனர். அவற்றுள் 29, தகாத முறையில் தொடப்பட்டதையும் சொல்லின. பொது விசாரணை வேண்டும் என்று கேட்டபோது, உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் மறுத்துவிட்டார்.

அந்த 29 என்ற எண்ணில் நாங்கள் வெகுநேரம் நின்றுவிட்டோம். எங்களுள் ஒருத்திக்குப் பேருந்து நெரிசலில் அப்படி ஒன்று நேர்ந்தது. அவள் நடுங்கிப்போய் வேறு நிறுத்தத்தில் இறங்கி, வீடு வரை நடந்து சென்று, தாமதத்திற்கு ஏதோ காரணம் சொல்லி, எட்டு மாதங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தன் மீதுதான் தவறோ என்று அவள் நினைத்திருந்தாள். பயிற்சி வகுப்பில், கத்துங்கள், உரக்கக் கத்துங்கள் என்று ஆசிரியை சொன்ன அன்றுதான் அழுதுகொண்டே சொன்னாள். கையையும் காலையும் பழக்குவதைவிடக் குரலைப் பழக்குவது கடினம் என்று அன்று அறிந்தோம். அவளிடம் கேட்டு, அவள் இசைவுடனே இதை இங்கே எழுதுகிறோம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பின் ஜூஜுத்சு வெறும் காட்சிக்கலையாக இல்லை. 1913 ஏப்ரலில் புதிய சட்டம் ஒன்று வந்தது. சிறையில் உண்ணாவிரதமிருந்து நலிந்த பெண்களை வெளியே விடுவார்கள். சற்றுத் தேறியதும் மறுபடி பிடித்துப் போடுவார்கள். பூனையும் எலியும் சட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தனர். பாங்கர்ஸ்ட் அம்மையாரை மீண்டும் பிடிபடாமல் காக்க, முப்பதுக்கு மேற்படாத பெண்களைக் கொண்ட மெய்க்காவல் அணி ஒன்று அமைந்தது. கனடா நாட்டுப் பெண்ணான கெர்ட்ரூட் ஹார்டிங் அதற்குப் பொறுப்பேற்றார். பயிற்சி தந்தவர் நம் அம்மையார். இடத்தை மாற்றி மாற்றி, இரகசியமாக வகுப்பு நடந்தது. அவர்கள் உடைக்குள் மறைத்துச் சென்ற கருவி எது தெரியுமா? நம் ஊர்க் கர்லாக்கட்டையின் சிறு வடிவம்! இந்தியாவில் கண்ட கர்லாக்கட்டையை ஆங்கிலேய இராணுவத்தார் தம் நாட்டு உடற்பயிற்சிக் கூடங்களுக்கு எடுத்துச் சென்றிருந்தனர். அங்கே அதற்கு இந்தியக் கட்டை என்றே பெயர்.

தந்திரமும் கையாண்டனர். 1914 பிப்ரவரியில் பாங்கர்ஸ்ட் அம்மையார் ஒரு வீட்டு மாடியிலிருந்து பேசினார். பேச்சு முடிந்து, முகத்திரையிட்ட பெண் ஒருவர் காவல் அணி சூழ வெளியே வந்தார். போலீசார் பாய்ந்து பிடித்தனர். திரையை விலக்கினால் அவர் வேறு ஒருவர்! உண்மையான தலைவி அதற்குள் நழுவிவிட்டார். மார்ச் 9-ஆம் நாள் கிளாஸ்கோ நகரக் கூட்டத்தில் மட்டும் தந்திரம் போதவில்லை. மேடையோரத்துப் பூச்சரங்களுக்குள் முள்கம்பி வைத்திருந்தும், போலீசார் மேடையேறிக் கைகலந்து தலைவியைக் கைது செய்தனர். பயிற்சி பெற்றவர்கள் எப்போதும் வெல்வதில்லை. இதை மறைத்து எழுதினால் அது சரியாகாது.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அச்சங்கத்தார் கடைகளின் கண்ணாடிகளை உடைத்தனர். கட்டடங்களுக்குத் தீயும் வைத்தனர். ஒருமுறை கண்ணாடி உடைத்துவிட்டு ஓடி வந்த பெண்களை அம்மையார் தம் கூடத்தில் ஏற்று, கற்களையும் சுத்தியல்களையும் தரைப் பலகைக்கு அடியில் ஒளித்து, பயிற்சி உடை அணியச் செய்தார். தேடி வந்த போலீஸ்காரர் பாய்மீது பெண்கள் மும்முரமாகப் பயிற்சி செய்வதைக் கண்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போனாராம். படித்தபோது நாங்கள் சிரித்தோம். இதைச் சிஸ்டரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். ஆனால் அந்தக் கடையில் வேலை பார்த்தவர்கள் மறுநாள் காலை என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டார். எங்களால் விடை சொல்ல முடியவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளக் கற்ற கலைக்கும் கல்லெறிவதற்கும் இடையே ஒரு கோடு உண்டு என்றே எங்களுக்குப் படுகிறது. அம்மையாருக்கு அப்படிப் படவில்லை போலும்.

1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. போராட்டம் நின்றது, காவல் அணியும் கலைந்தது. 1918-இல் 30 வயது நிறைந்த பெண்களுள் சொத்துத் தகுதி உடையவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆண்களுக்கு நிகராக 21 வயதிலேயே வாக்களிக்கும் உரிமை 1928-இல் வந்தது. காருட் தம்பதியர் தம் பயிற்சிக் கூடத்தை 1925 வரை நடத்தினர். பிறகு அம்மையார் பொது வாழ்வில் அதிகம் தென்படவில்லை. 1971-இல், தம் 99-ஆம் வயதில் மறைந்தார். லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் அவர் வாழ்ந்த வீட்டின் சுவரில் 2012-ஆம் ஆண்டு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டு ஏழாம் வகுப்புத் தங்கைகளுக்கும் தற்காப்பு வகுப்பு தொடங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் பாய் விரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. முதல் நாளே ஒரு சிறுமி எழுந்து, விழுவதற்கு எதற்கு அக்கா பயிற்சி என்று கேட்டாள்.