கிறிஸ்டன் நைகார்ட் (1926 – 2002)

மாணவர்களே, கணினி மொழிகளைக் கற்கும்போது ‘வகுப்பு’, ‘பொருள்’ என்னும் சொற்களைச் சந்திப்பீர்கள். அவற்றுக்கு அடித்தளமிட்ட இருவருள் ஒருவர் கிறிஸ்டன் நைகார்ட். மற்றவர் ஓலே-யோஹான் டால்.

நைகார்ட் 1926 ஓகஸ்ட் 27 இல் நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவிற் பிறந்தார். 1948 இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்திற் சேர்ந்து, அணு உலை தொடர்பான கணிப்புகளில் ஈடுபட்டார். 1956 இல் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்திற் கணிதத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1960 இல் நோர்வே கணிப்பு நிலையத்திற்குச் சென்றார். தொழிற்சாலை போன்ற இடங்களின் இயக்கத்தைக் கணினியிற் போலச் செய்து பார்க்க ஏற்ற மொழியொன்று வேண்டுமென எண்ணினார். டாலுடன் சேர்ந்து சிமுலா மொழியை அமைத்தார். அதன் வளர்ச்சியாகிய சிமுலா 67, 1967 இல் உருவானது.

இதற்கு அடிப்படையான அல்கோல் 60 மொழியில், ஒரு கூற்றுத் தொகுதிக்குள் இன்னொரு தொகுதியை அமைக்கலாம். ஆனால் தொகுதியின் வேலை முடிந்ததும் அதன் தரவுகள் மறைந்துவிடும். சிமுலா 67 இலோ, ‘நியூ’ என்னும் சொல்லால் வகுப்பிலிருந்து ஆக்கப்படும் பொருள் அதன்பின்னும் நிலைத்திருக்கும்.

ஒரு தபாற்கந்தோரை எடுத்துக்கொள்வோம். ‘தபாற்கந்தோர்’ என்னும் வகுப்புக்குள், கருமபீடங்களை ஆக்கும் கூற்றுகளையும் எழுதிவைக்கிறீர்கள். பின்னர் தபாற்கந்தோரை ஆக்கும்படி ஒரு முறை கட்டளையிட்டால் போதும். கருமபீடங்களும் கூடவே உருவாகும். தனக்கு வேண்டிய உட்பொருள்களைப் பொருள் தானே ஆக்கிக்கொள்ளும் முறை இதுவாகும். சீ பிளஸ் பிளஸ், ஜாவா முதலிய மொழிகள் சிமுலாவின் வழிவந்தவை.

ஆனால் சிமுலாவைக் கொண்டு தொழிற்சாலைகளின் வேலைமுறைகள் மாற்றப்பட்டபோது, அங்கு வேலை செய்வோருக்குக் கருத்துக் கூற இடமில்லை என்பதை நைகார்ட் கண்டார். கணினிக்குள் இருப்பது பொருள்; வெளியே நிற்பவர் மனிதர். எனவே 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து, தொழிலாளர் தாமே கணினி பற்றி அறிந்து கருத்துரைக்க வழிசெய்தார். 1975 இல் தொழிற்சங்கங்களுக்கும் தொழில்தருநருக்கும் இடையே கணினி முறைமைகள் பற்றிய உடன்படிக்கை ஏற்பட இம்முயற்சி உதவியது.

2001 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் வழங்கப்பட்டது. 2002 யூன் 29 இல் டால் காலமானார். ஆறு வாரங்களின் பின், ஓகஸ்ட் 10 இல் நைகார்ட்டும் மறைந்தார்.

நினைவிற் கொள்க: செய்நிரல் ஒன்றை எழுதும்போது, அது சரியாக இயங்குமா என்று மட்டும் பாராதீர்கள். அதனால் யாருடைய வேலை மாறும் என்றும் எண்ணிப் பாருங்கள்.