பின்புறமாக மாடி இறங்கியவர்!

வில்லியம் பான்டிங் லண்டன்வாசி. 1796-ல் பிறந்தவர். அரச குடும்பத்தாருக்கு இறுதிச் சடங்கு நடத்துவது அவர் குடும்பத் தொழில்.

66-வது வயதில் அவருடைய எடை 202 ராத்தல், அதாவது சுமார் 92 கிலோ! உயரமோ ஐந்தடி ஐந்து அங்குலம். குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியாது. மாடியிலிருந்து பின்புறமாகத் திரும்பி, மெல்ல மெல்ல இறங்குவார். தெருவில் கேலிப் பேச்சு வேறு.

இளைக்க வேண்டும் என்று ஆற்றில் படகு வலித்தார். பசிதான் அதிகமாயிற்று; எடையும் ஏறியது!

1862-ல் காது மந்தமாகி, ஹார்வி என்ற டாக்டரிடம் போனார். காதைப் பார்த்த டாக்டர் சாப்பாட்டில் கை வைத்தார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கூடியவரை விலக்கச் சொன்னார். இறைச்சி, மீன், காய்கறி சாப்பிடலாம். (ஒயினும் குடிக்கலாம் என்றார். அது நமக்கு வேண்டாம்!)

ஓராண்டில் 46 ராத்தல் குறைந்தது. காதும் தெளிந்தது. படியிலும் நேராக இறங்கினார்.

1863-ல் தம் அனுபவத்தைச் சிறு புத்தகமாக அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். வைத்தியர்கள் சிலர் சீறினார்கள். ஜனங்களோ விரும்பிப் படித்தார்கள்.

81 வயது வரை வாழ்ந்து, 1878-ல் காலமானார். சாப்பாட்டைக் குறைத்து இளைப்பதை ஸ்வீடன் நாட்டார் இன்றும் அவர் பெயராலேயே 'பான்டா' என்கிறார்கள்.