வீட்டை விற்றுவிட்டுப் போகச் சொன்ன ஊரில் ஒரு சிலை

அமெரிக்காவில் பாஸ்டனில் இருந்து மேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வூஸ்டர் நகரம் வரும். அங்கே பொது நூலகத்துக்கு வெளியே சைக்கிளோடு நிற்கும் ஒரு கறுப்பின இளைஞரின் வெண்கலச் சிலை இருக்கிறது. பேரு மேஜர் டெய்லர். நம்ம பிள்ளைகளுக்கு முகமது அலியைத் தெரியும். அலி பிறப்பதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே உலக சாம்பியனான இவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

1878ல் இண்டியானாபோலிஸில் பிறந்தவர். அப்பா ஒரு பணக்காரர் வீட்டில் குதிரை வண்டி ஓட்டினார். அந்த வீட்டார் கொடுத்ததுதான் முதல் சைக்கிள். பிறகு ஒரு சைக்கிள் கடை வாசலில் ராணுவ உடுப்பு போட்டு வித்தை காட்டினார். 'மேஜர்' என்ற பேரு அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

1894ல் அமெரிக்க சைக்கிள் சங்கம் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று விதி போட்டது. 1897ல் ஒரு பந்தயம் முடிந்ததும், இவருக்குப் பின்னால் வந்த வெள்ளை வீரர் கீழே தள்ளி, நினைவு தப்பும்வரை கழுத்தை நெரித்தார். இரண்டே வருடத்தில், 1899ல், மொன்ட்ரியாலில் ஒரு மைல் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார் டெய்லர். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட மாட்டேன் என்று எவ்வளவு பணம் கொடுத்தும் மறுத்தவர், 1901ல் ஐரோப்பா போனபோதும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது பட்டம் இல்லை, வீடு. வூஸ்டரில் வெள்ளையர் குடியிருந்த பகுதியில் அவர் வீடு வாங்கியபோது, அக்கம்பக்கத்தார் கூடுதல் பணம் தருகிறோம், விற்றுவிட்டுப் போ என்றார்கள். அவர் போகவில்லை. அங்கேயே மகளை வளர்த்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்ததால் அவளுக்கு சிட்னி என்று பேரு வைத்திருந்தார்.

கடைசிக் காலம் கொடுமை. சேர்த்த பணமெல்லாம் போய், 1932ல் சிகாகோவில் ஏழைகளுக்கான மருத்துவமனை வார்டில் இறந்தார். அநாதைப் பிணம்போல புதைத்தார்கள். 1948ல் பழைய பந்தய வீரர்கள்தான் வேறு இடத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். வூஸ்டரில் சிலை திறந்தது 2008ல். மகள் சிட்னி 2005லேயே காலமாகிவிட்டார்.

வெளிநாட்டில் வீடு வாங்கியிருக்கும் நாம் அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம். சிலையோடு படம் எடுக்கட்டும். பந்தயக் கதையோடு அந்த வீட்டுக் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.